கவரிங்தான்... அதனால்தான் பத்திரமாக இருக்கிறது!

வீட்டில் பாட்டியின் கல்யாண ஃபோட்டோ இருந்தால் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். கழுத்தில் கல் அட்டிகை, அதற்குக் கீழே காசு மாலை, காதில் தோடும் மாட்டலும், கையில் வங்கி. இப்போது அம்மாவிடம் போய், "இந்த நகையெல்லாம் எங்கேம்மா?" என்று கேளுங்கள். அட்டிகையை அழித்துப் பெரியம்மாவுக்கு நெக்லஸ் செய்திருப்பார்கள். காசு மாலையை அழித்து நாலு வளையல் ஆகியிருக்கும். அந்த வளையல்களைப் போட்டு இன்னொரு மாடல் வாங்கியிருப்பார்கள். வங்கி? அது அடகில் மூழ்கிப்போயிருக்கும்.

தங்கத்துக்கு விலை இருக்கிறது. அதனாலேயே அது இருந்த உருவத்தில் இருப்பதில்லை. உருக்குகிறார்கள், மாற்றுகிறார்கள், விற்கிறார்கள். கவரிங்குக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அடகுக் கடைக்காரர் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார். உருக்கினால் என்ன வரும்? அதனால் பீரோவின் அடித்தட்டில், பழைய பவுடர் டப்பாவில் அது பாட்டுக்குக் கிடக்கிறது. நாற்பது வருடங்களுக்கு முன்னால் நம் ஊர்ப் பெண்கள் எந்த டிசைன் ஜிமிக்கி போட்டார்கள் என்று தெரிய வேண்டுமானால், தங்கத்தைவிட கவரிங்கைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இதைப் புரிந்துகொண்ட ஒருவர் திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் இருக்கிறார். செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடி வீடு. அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அறுபதைத் தாண்டிவிட்டார். மாடியில் இருக்கும் இரண்டு அறைகளைச் சீசனுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். கீழே, அவருடைய அறையில், ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவும் மூன்று ஷூ பெட்டிகளும். அவற்றில் நிறைய பழைய கவரிங் நகைகள். பெயர் மட்டும் வேண்டாம் என்கிறார். "நகை இருக்கிற வீடுன்னு எவனாவது ராத்திரி ஏறிக் குதிச்சான்னா, பாவம், ஏமாந்துதான் போவான்!"

சேர்க்க ஆரம்பித்தது விருப்பப்பட்டு அல்ல. அவருடைய அம்மா காலமாகி, காரியமெல்லாம் முடிந்து, நகையைப் பங்கு பிரிக்க உட்கார்ந்தார்கள். இவர், தங்கை, தம்பி. இருந்ததில் பெரிய உருப்படி ஒரு லட்சுமி காசு மாலை. மூன்றாகப் பிரிக்க முடியாது, விற்றுப் பணமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவு. பத்தரிடம் கொண்டுபோனார்கள். அவர் கையில் எடுத்த உடனேயே முகம் மாறியது. உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு ஒரு காசின் ஓரத்தில் அரத்தை வைத்து லேசாகத் தேய்த்தார். உள்ளே செம்பு சிவப்பாகத் தெரிந்தது.

யாரும் பேசவில்லை. தம்பிக்குத்தான் கோபம். யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகம். அம்மாவைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டது அக்கா. அந்தச் சந்தேகம் யார் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்கா வீட்டுக்கு வந்து ஆல்பத்தை எடுத்தார். 1986இல் அவருடைய கல்யாண ஃபோட்டோ. அம்மா கேமராவுக்கு நேராக, கையைத் தொங்கவிட்டபடி நிற்கிறார். பேரனின் பூதக்கண்ணாடியை வாங்கி மாலையில் இருந்த காசுகளை எண்ணினார். 41. தங்கையின் கல்யாணம் 1991இல். அதே அம்மா, அதே மாலை, பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. எண்ணினால் 37. கையில் இருந்த கவரிங் மாலையிலும் 37.

இடையில் என்ன நடந்தது? தம்பி பாலிடெக்னிக்கில் சேர்ந்தது 1988இல். அந்த வருடம் மல்லாட்டை விளைச்சலும் சரியில்லை. அப்பா யாரிடமோ கடன் வாங்கிச் சமாளித்துவிட்டார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அம்மா வேறு வழியில் சமாளித்திருக்கிறார். மாலையை வைத்துப் பணம் வாங்கி, அதே மாதிரி ஒன்றைக் கவரிங்கில் வாங்கி, சாகும்வரை எல்லா விசேஷத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

இரண்டு ஃபோட்டோக்களையும் பக்கத்தில் வைத்துத் தம்பிக்குக் காட்டினார். அவர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். "அது உன்கிட்டயே இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். அதன் பிறகு பங்குப் பேச்சே எழவில்லை.

அந்த மாலைதான் பிஸ்கட் டப்பாவின் முதல் நகை.

கவரிங் என்பதை நம் ஊரில் மெதுவாகத்தான் சொல்வோம். யாராவது "நல்லா இருக்கே, எத்தனை பவுன்?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் சிரித்துவிடுவதும் உண்டு. தமிழ்நாட்டில் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் 'சிதம்பரம் கவரிங்' என்று ஒரு போர்டு கண்ணில்படும். அப்படி ஒரு ஊரின் பெயரே ஒரு சரக்கின் பெயராகிவிட்டது. ஆந்திராவில் மசூலிப்பட்டினத்தை ஒட்டிய சிலகலபூடிக்கு அந்தப் பெயர். செம்பு அல்லது பித்தளையில் நகையைச் செய்து, தங்க உப்பு கலந்த கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் மேலே மெல்லிய தங்கப் படலம் படியும். அது முலாம். ரோல்டு கோல்டு வேறு. அதில் மலிவான உலோகத்தின் மேல் தங்கத் தகட்டை ஒட்டவைத்து, உருளையில் விட்டு மெலிதாக்கி, அந்தத் தகட்டிலிருந்து நகை செய்வார்கள். முலாமைவிட நீண்ட நாள் உழைக்கும். ஒரு காலத்தில் இதையெல்லாம் 'கில்ட்' என்றார்கள். இப்போது 'ஒரு கிராம் தங்கம்', 'மைக்ரோ பிளேட்டிங்', 'ஆண்டிக்' என்று பெயர் மாறிக்கொண்டே போகிறது. பெயர் மாறுவதற்குக் காரணம் பாதி வியாபாரம், மீதி கூச்சம் என்றுதான் தோன்றுகிறது.

கூச்சத்துக்குக் காரணம் இருந்தது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நகை என்பது விதைக்கும் உரத்துக்குமான வங்கி. மல்லாட்டை போடும் பருவத்தில் உள்ளே போகும், காய் விற்றால் வெளியே வரும். விற்காத வருடம் உள்ளேயே தங்கிவிடும். தாலிச் சரடும் போனால், தாலி மஞ்சள் கயிற்றுக்கு மாறும். கல்யாண வீட்டுக்குக் கவரிங் சங்கிலியோடு வந்திருக்கிற பெண்ணைப் பார்த்தால் மற்ற பெண்களுக்கு அந்த வீட்டு வெள்ளாமை எப்படி என்று தெரிந்துவிடும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். அடுத்த வருடம் அவர்கள் கழுத்திலும் அதே இருக்கலாம் இல்லையா?

அடகுக்கும் இந்த இடத்துக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1896 ஆகஸ்டு கடைசியில் மதுரையிலிருந்து கிளம்பிய 16 வயதுப் பையன் வேங்கடராமன், திருக்கோயிலூர் அருகே கீழூர் வந்து சேர்ந்தபோது, திருவண்ணாமலைக்கு ரயிலேறக் கையில் காசில்லை. காதில் சிவப்புக்கல் பதித்த தங்கக் கடுக்கன் இருந்தது. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவரிடம் அதைக் கொடுத்து நாலு ரூபாய் வாங்கிக்கொண்டார். கடுக்கனின் மதிப்பு அதைப் போலப் பல மடங்கு. மீட்டுக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று பாகவதர் விலாசம் எழுதிய சீட்டைக் கொடுத்தார். பையன் வெளியே வந்ததும் சீட்டைக் கிழித்துப் போட்டான். செப்டம்பர் 1ஆம் தேதி காலை திருவண்ணாமலையில் இறங்கினான். அந்தப் பையன்தான் பின்னாளில் ரமண மகரிஷி.

மீட்கும் எண்ணமே இல்லாமல் வைத்த அடகு அது. நம்முடைய கவரிங் அம்மாக்கள் வைத்ததெல்லாம் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையில் வைத்தவை. சீட்டை அவர்கள் கிழிக்கவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் மடித்து வைத்து, வட்டி கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நம் சேகரிப்பாளரின் பொழுதுபோக்குக்கு 'சேகரிப்பு' என்ற பெயரைக் கொடுத்தது மாடி அறைக்கு வந்த ஒரு பெல்ஜியம் பாட்டி. டிசம்பரில் வந்து மார்ச்சில் போகிறவர். சாலையோரத்தில் பாசிமணி, ருத்ராட்சம், வெள்ளி மோதிரம் விற்கும் கடைகளில் மணிக்கணக்கில் நிற்பார். ஒருநாள் கீழே வந்தவர் டப்பாவைப் பார்த்துவிட்டார். மேலே ஓடிப்போய், துணியில் சுற்றிய ஒரு ப்ரூச்சைக் கொண்டுவந்து காட்டினார். இலை மாதிரி வடிவம், வெள்ளைக் கற்கள். இவர் முன்பக்கத்தைப் பார்த்து, "நல்லாருக்கு" என்றார். பாட்டி தலையாட்டிவிட்டு அதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு பெயர், அதன் மேலே சின்னதாக ஒரு கிரீடம். ட்ரைஃபாரி.

அங்கேயும் இது தங்கமில்லை, வைரமில்லை. வெறும் உலோகமும் கண்ணாடியும்தான். ஆனால் செய்தவர் பெயர் இருக்கிறது. 1920களில் பாரிஸில் கோகோ ஷனேல், போலி முத்துச் சரங்களை அசல் நகைகளோடு கலந்து அணிந்து, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று காட்டினார். நியூயார்க்கில் 1926இல் மிரியம் ஹாஸ்கெல் கடை திறந்தார். ட்ரைஃபாரிக்கு 1930இல் தலைமை வடிவமைப்பாளராக வந்த ஆல்ஃபிரட் ஃபிலிப், அதற்கு முன் கார்ட்டியே போன்ற பெரிய நகைக் கடைகளுக்காக அசல் நகை செய்த பட்டறையில் இருந்தவர். அதே கை, கண்ணாடிக் கல்லுக்கு வந்தது. 1953இல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் பதவியேற்ற அன்று அவர் மனைவி மேமி அணிந்திருந்தது ட்ரைஃபாரியின் போலி முத்துகள். நாட்டின் முதல் பெண்மணி, தெரிந்தே, எல்லோருக்கும் தெரியும்படி!

1955இல் இன்னொன்று நடந்தது. தன் டிசைனைக் காப்பி அடித்ததாக ட்ரைஃபாரி இன்னொரு கம்பெனி மேல் வழக்குப் போட்டது. 'இது மலிவான ஃபேன்சி நகை, இதற்கெல்லாம் காப்புரிமையா?' என்பது எதிர்த்தரப்பின் வாதம். நியூயார்க் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. என்ன உலோகத்தில் செய்தது என்பது முக்கியமில்லை, அதுவும் கலைப் படைப்பாக இருக்கலாம் என்றது. சிதம்பரத்து ஆசாரிகளுக்கு இந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்டினால் சிரித்திருப்பார்கள். இங்கே தொழிலே காப்பிதான். நகைக்கடை ஷோகேஸில் ஒரு நெக்லஸ் வந்தால் சீக்கிரமே அது கவரிங்கில் வந்துவிட வேண்டும். அச்சு அசலாக இருக்கிறதா என்பதுதான் வாங்குகிறவர் கேட்கும் ஒரே கேள்வி.

விலைக் கதையும் பாட்டி சொன்னதுதான். 1996இல் நியூயார்க்கில் ஜாக்குலின் கென்னடியின் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. அதில் மூன்று சர போலி முத்து மாலை ஒன்று. 500 முதல் 700 டாலர்வரை போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். போனது 2,11,500 டாலருக்கு. சின்ன வயது மகன் அவர் மடியில் உட்கார்ந்து அந்த மாலையைப் பிடித்து இழுக்கிற ஃபோட்டோ உலகப் பிரபலம். முத்து போலியானாலும் பிடித்து இழுத்த பிள்ளை நிஜம். அதற்குத்தான் அந்த விலை.

இவர் தன் அம்மாவின் காசு மாலையைத் திருப்பிப் பார்த்தார். பெயர் இல்லை, முத்திரை இல்லை. இன்று தங்கத்தைத் திருப்பினால் 916 இருக்கும். 2000இல் தொடங்கிய ஹால்மார்க் 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாகி, ஒவ்வொரு உருப்படிக்கும் ஆறு எழுத்து அடையாளமும் வந்துவிட்டது. கவரிங்கின் முதுகு மட்டும் மொட்டையாகவே இருக்கிறது.

"பரவாயில்லை" என்றிருக்கிறார் பாட்டி. ஹாஸ்கெலின் ஆரம்பகால நகைகளிலும் பெயர் கிடையாதாம். மணிகளைக் கம்பியால் கட்டிய விதத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்களாம். ட்ரைஃபாரியில் 'ஸ்டெர்லிங்' என்று இருந்தால் பெரும்பாலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. 1942 வாக்கில் போர்த் தளவாடங்களுக்கு உலோகம் வேண்டுமென்று அமெரிக்க அரசு நகைக்காரர்களுக்குக் கட்டுப்பாடு போட, அவர்கள் வெள்ளிக்கு மாறினார்கள். நமக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது. 1963இல் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்று மத்திய அரசு சட்டம் போட்டு, பொற்கொல்லர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தார்கள். அந்தக் காரட் கட்டுப்பாடு 1966இல் நீங்கியது. ஆனால் 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990வரை இருந்தது. ஒரு நகையின் உலோகத்தைப் பார்த்தால் அந்தக் காலத்தின் கையிருப்பு தெரிகிறது.

அதற்குப் பிறகு இவர் எந்த நகையையும் முதலில் திருப்பித்தான் பார்க்கிறார். கொக்கியைப் பார்க்கிறார். கையால் வளைத்த எஸ் கொக்கியா, அச்சில் அடித்ததா? தோட்டின் திருகாணியில் மரை கையால் வெட்டியதா? கல்லின் அடி மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா? மூடியிருந்தால் கல்லுக்குக் கீழே பளபளக்கும் மெல்லிய தகடு இருக்கும். அதில் தண்ணீர் இறங்கினால் கல் செத்துவிடும். அதனால் கழுவவே மாட்டார். புளி, விபூதி, பற்பசை எதுவும் கிட்டே வரக்கூடாது. உலர்ந்த பருத்தித் துணியில் ஒரு ஒற்று, அவ்வளவுதான். பச்சைக் களிம்பு பிடித்ததைத் தனியாக வைப்பார். பக்கத்தில் இருப்பதற்கும் அது பரவும்.

பெட்டியிலேயே உயர்ந்தது எது என்று கேட்டால் அரை ஜடைபில்லையை எடுக்கிறார். பரதநாட்டிய செட்டிலிருந்து உடைந்தது. நாகர்கோவில் வடசேரியில் செய்கிற கோயில் நகைகளின் சாயல். வெள்ளியின் மேல் தங்க ரேக்கு, சிவப்பும் பச்சையுமாகக் கெம்புக் கல். சாமிக்குச் சாத்துகிற நகையின் அமைப்பில் நாட்டியக்காரர்களுக்காகச் செய்வது. புவிசார் குறியீடு வாங்கிய நகை. இது பாதிதான் இருக்கிறது, மீதிப் பாதி எந்த ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவில் விழுந்ததோ! பழைய இரும்புக் கடையில், பித்தளை என்று நினைத்து எடைக்குப் போட்டிருந்ததை முப்பது ரூபாய்க்கு வாங்கினார்.

ஒரே ஒரு விஷயத்தில் அவருக்கும் கவரிங் கடைக்காரருக்கும் ஒத்துவருவதில்லை. "கொடுங்கம்மா, கலர் போட்டுப் புதுசாக்கித் தர்றேன், ஆறு மாசம் கேரண்டி" என்கிறார் அவர். தேய்ந்த முலாமின் மேல் புதிதாகப் பூசினால் பளிச்சென்று ஆகும்தான். ஆனால் அம்மாவின் மாலையில் பின்கழுத்துப் பக்கம் மட்டும் முலாம் போய்ச் செம்பு தெரிகிறது. வருடக்கணக்கில் வியர்வை பட்ட இடம். அதன் மேல் பூச அவருக்கு மனம் வரவில்லை. அரம் பட்ட அந்த ஒற்றைக் காசையும் அப்படியே விட்டிருக்கிறார். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் பழையதன் மேல் புதுப் பூச்சை விரும்புவதில்லை என்று பாட்டி சொன்னபோது, "பாத்தியா, நானா சொல்றேன்?" என்று மருமகளைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

இப்போது அக்கம்பக்கத்தில் விஷயம் பரவிவிட்டது. வீட்டில் பெரியவர்கள் போய்விட்டால் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இவரிடம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இவர் சும்மா வாங்குவதில்லை. உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, பேப்பர் சீட்டில் மூன்று வரி எழுதிக்கொள்கிறார். யாருடையது, எந்த வருடம், எதற்காக வாங்கியது. முதல் இரண்டுக்கும் பதில் சீக்கிரம் வந்துவிடும். மூன்றாவதுக்குத்தான் நேரமாகும். சிலருக்குத் தெரியாது. சிலருக்குத் தெரிந்திருந்தும் சொல்ல மாட்டார்கள். ஒரு முகப்புச் சங்கிலியின் சீட்டில் 'பம்ப் செட்' என்று இருக்கிறது. ஒரு ஜோடி வளையலுக்கு 'ஆபரேஷன்'. ஒரு கல் தோட்டுக்கு 'நாத்தனார் கல்யாணம்'. நெளி மோதிரம் ஒன்றுக்கு, 'சும்மா, ஆசைக்கு'. அந்தச் சீட்டைப் படிக்கும்போது மட்டும் அவருக்குக் குஷி.

மருமகளுக்கு முதலில் இதெல்லாம் பிடிக்கவில்லை. இடத்தை அடைக்கிறது, களிம்பு நாற்றம் என்று புகார். இப்போது பழைய டிசைன் ஃபேஷனாகிவிட்டது. சென்னையில் சிநேகிதி கல்யாணத்துக்கு ஷூ பெட்டியிலிருந்து சிவப்புக்கல் அட்டிகை ஒன்றைக் கேட்டிருக்கிறாள். ரிசப்ஷனில் நாலு பேர் எந்தக் கடை என்று கேட்டார்களாம், "திருவண்ணாமலை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாளாம். அடுத்த முறை மாங்காய் மாலை வேண்டுமாம்.

"குடுக்கறேன். ஆனா சென்ட்டை முன்னாடியே அடிச்சுக்கோ, காஞ்ச பிறகு மாலையைப் போடு. வந்ததும் துடைச்சுக் குடுத்துடணும். பீரோல வெச்சுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சீட்டை மட்டும் உருவி எடுத்து வைத்துக்கொண்டார்.